பாரம் இறக்கியவருக்கு ஏற்ற வண்டி

கேள்வி: போசரியிலுள்ள என் பட்டறைக்குப் பல வருஷங்களாக வார்ப்பிரும்பு ஏற்றி இறக்கிய பிக்கப்பைக் கொடுத்துவிட்டு, மலை ஏறக்கூடிய எஸ்.யு.வி. ஒன்று வாங்க உத்தேசித்திருக்கிறேன். "இதுவும் டீசல், அதுவும் டீசல்; இதுவும் உயரம், அதுவும் உயரம்; காசுக்கு என்ன கேடு?" என்று வீட்டில் கேட்கிறார்கள். என்ன சமாதானம் சொல்வது?
— பட்டறை உரிமையாளர், சிஞ்ச்வட்

பதில்: வீட்டில் எழும் ஆக்ஷேபணைக்குப் பத்திரிகையில் சமாதானம் தேடும் தங்கள் தைரியத்தை முதலில் மெச்சுகிறேன். தாங்கள் தேடும் சமாதானம் தங்கள் வண்டியின் பின் அச்சுக்கு மேலே, மண்ணும் கிரீஸும் அப்பிக் கிடக்கும் பட்டை ஸ்பிரிங்கில் இருக்கிறது. பொலீரோ பிக்கப் 1.7 டன் வரையிலும், 2022-இல் வந்த டாடா யோதா 2.0 இரண்டு டன் வரையிலும் சுமக்க வேண்டும் என்ற சங்கற்பத்தோடு பிறந்தவையாதலால், அந்தப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பொறியாளர், வண்டியில் மனிதர்களும் உட்காருவார்கள் என்பதைத் தவிர்க்க முடியாத ஓர் இடையூறாகவே பாவித்திருக்க வேண்டும். முழுப் பாரத்தோடு போகையில் பரமசாதுவாக நடந்துகொள்ளும் அதே வண்டி, சாக்கனில் சரக்கை இறக்கிவிட்டு வெறும் தொட்டியோடு திரும்புகையில், சாலையின் ஒவ்வொரு குழியையும் ஓட்டுபவரின் முதுகெலும்புக்கு நேரில் அறிமுகம் செய்துவைக்கும்.

இது அசௌகரியத்தோடு நிற்பதில்லை. எஞ்சினும் ஆட்களும் முன்னால். உந்துவது மட்டும் பின் சக்கரம். அந்தச் சக்கரத்தின் மேலோ கனம் கிடையாது. ஆடி மாதத்து மழையில் தாம்ஹிணி கணவாயின் வளைவில் இந்த ஏற்பாடு என்ன செய்யும் என்பதை வால் வழுக்கிய ஓட்டுநர்கள் நன்கறிவர். அதனால்தான் அனுபவசாலிகள் வெறும் வண்டியின் பின்னே நாலு மணல் மூட்டைகளைப் போட்டுக்கொண்டு புறப்படுகிறார்கள். நமக்காகப் பாரம் சுமக்க வாங்கிய வண்டிக்கு, அதன் நன்மையை உத்தேசித்து நாமே பாரம் தேடித் தரவேண்டிய நிலை வந்துவிட்டதென்றால், அதைக் கொடுத்துவிட வேண்டிய காலம் வந்துவிட்டதென்றே அர்த்தம். சுருள் ஸ்பிரிங்கின் மேல் அமர்ந்து, கனத்தை நாலு சக்கரங்களுக்கும் ஓரளவு சமமாகப் பகிர்ந்து, வேண்டும்போது நாலையும் உந்தக்கூடிய வண்டிக்கு மணல் மூட்டை வேண்டாம். வீட்டில் இதைச் சொல்லிப் பாருங்கள். அப்படியும் ஒப்பவில்லையென்றால், வெறும் பிக்கப்பில் ஒருமுறை அவர்களை லோணாவளா வரை அழைத்துச் சென்று திரும்புங்கள். வாதத்துக்கு அவசியமே இராது.

கேள்வி: பிக்கப் உழைப்பாளி வண்டி, எஸ்.யு.வி. பணக்கார வண்டி, இரண்டுக்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது என்கிறார் என் மாமனார். உண்மையா?
— மருமகன், நிக்டி

பதில்: தங்கள் மாமனார் எந்த ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்கிறார் என்பதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. டெல்கோ என்று நம் பெரியவர்கள் இன்றும் வாய் நிறையச் சொல்கிற டாடா மோட்டார்ஸ், இதே பிம்ப்ரி-சிஞ்ச்வட் ஆலையில் 1988-இல் டாடாமொபைல் என்ற பிக்கப்பைக் கொண்டுவந்தது. 1991-இல் அதே சட்டத்தின் மேல், பின்புறம் வளைந்த பெரிய கண்ணாடிகளோடு, மூன்று கதவுகள் வைத்து சியரா என்று பெயர் சூட்டியது. மறு வருஷம் எஸ்டேட் வந்தது. 1994-இல் சுமோவும் 1998-இல் சபாரியும் தொடர்ந்தன. அன்றைய சியராவைக் கண்டு வாய் பிளந்தவர்களில் எத்தனை பேர், தம் கண்முன் நின்றது மேலங்கி மாற்றிய ஒரு சரக்கு வண்டியே என்பதை உணர்ந்திருப்பார்கள்? டொயோட்டாவின் ஹைலக்ஸும் பார்ச்சூனரும் ஒரே அடித்தளத்தில் எழுந்தவை; இசுஸுவின் டி-மேக்ஸும் எம்.யூ-எக்ஸும் அப்படியே. ஏணி போன்ற இரும்புச் சட்டம் இரண்டுக்கும் பொது. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, புதிதாக ஒரு சபாரி சூட் தைத்துப் போட்டுக்கொண்ட பிக்கப்புக்குத்தான் எஸ்.யு.வி. என்று பெயர். ஸ்நானப் பிராப்தி என்ன, பங்காளிக் காய்ச்சலே உண்டு.

கேள்வி: எஸ்.யு.வி. என்பதற்கு லட்சணம்தான் என்ன?
— மாணவன், ஆகுர்டி

பதில்: மலை ஏறுவது, சேற்றில் சிக்காமல் இருப்பது என்றெல்லாம் நீ எண்ணியிருப்பாய், தம்பி. நம் ஜி.எஸ்.டி. கவுன்சிலோ 2023 ஜூலையில் கூடி, நீளம் 4000 மில்லிமீட்டருக்கு மேல், எஞ்சின் 1500 சி.சி.க்கு மேல், பாரமேற்றாத நிலையில் தரைக்கும் அடிவயிற்றுக்கும் இடைவெளி 170 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால், எந்தப் பெயரால் அழைக்கப்பட்டாலும் அந்த வண்டிக்கு 28 சதவிகித வரியோடு 22 சதவிகித உபரி வரியும் உண்டு என்று தெளிவுபடுத்திற்று. நாலு சக்கரமும் உந்துகிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. இதன் விளைவாக, பாறை மேல் பல்லியாக ஏறும் மூன்று கதவு தார், 3985 மில்லிமீட்டரே நீளமாதலால், அந்த லட்சணத்துக்குள் அடங்கவில்லை. வணிக வளாகத்தின் வேகத்தடையைத் தவிர வேறு மேட்டைக் காணாத எத்தனையோ வண்டிகள் அடங்கின. 2025 செப்டம்பர் 22 முதல் உபரி வரி ஒழிந்து, பெரிய கார்களுக்கெல்லாம் 40 சதவிகிதம் என்று ஆகிவிட்டது. சரக்கு வண்டிக்கு 18. அளவுகோலுக்கு ஓய்வு கிடைத்தது, பர்ஸுக்குக் கிடைக்கவில்லை.

கேள்வி: ஷோரூமில் "லோ ரேஞ்ச்", "டிஃபரன்ஷியல் லாக்" என்று மந்திரம் ஜபிக்கிறார்கள். இவை இல்லாமல் வாங்கினால் பாதகமா? தார், குர்கா, ஜிம்னி மூன்றில் எது?
— முதல் கேள்வி கேட்ட அதே பட்டறை உரிமையாளர்

பதில்: வீட்டில் சம்மதம் கிடைத்துவிட்டது போலும், சந்தோஷம். லோ ரேஞ்ச் என்பது வேகத்தைக் குறைத்து வலிவைப் பெருக்கும் இரண்டாவது பற்சக்கர வரிசை. செங்குத்தான இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமலே எஞ்சினின் பிடியில் வண்டியை நிதானமாக இறக்க அது உதவும். டிஃபரன்ஷியலின் சுபாவம் விசித்திரமானது. வளைவில் திரும்பும்போது இடது சக்கரமும் வலது சக்கரமும் வெவ்வேறு தூரம் உருள வேண்டியிருப்பதால், இரண்டுக்கும் தத்தம் வேகத்தில் சுற்ற அது சுதந்திரம் கொடுக்கிறது. ஆனால் ஒரு சக்கரம் சேற்றிலும் மற்றது கெட்டித் தரையிலும் நிற்கும்போது, அந்தச் சுதந்திரத்தைச் சேற்றுச் சக்கரமே முழுவதும் எடுத்துக்கொண்டு வீணாகச் சுழல, உழைக்கத் தயாராயிருக்கும் மற்றது சும்மா நிற்கும். சர்க்கார் அலுவலகம் எதுவும் என் மனத்தில் இல்லை. அந்த அநீதியைத் தடுத்து இரண்டையும் சேர்ந்து சுற்ற வைப்பதுதான் லாக்.

முன்னும் பின்னும் இரு அச்சுகளுக்கும் கையால் போடும் லாக் உள்ளது குர்கா. அதைத் தயாரிக்கும் போர்ஸ் மோட்டார்ஸின் தலைமை அலுவலகம் தங்கள் வீட்டுக்கு அடுத்த ஆகுர்டியில். வண்டி பிறப்பதோ மத்தியப் பிரதேசத்துப் பீதம்பூரில். மெர்சிடிஸ் வம்சத்து 2.6 லிட்டர் எஞ்சின், மூச்சுக்குழாய் உயரத்தில், உள்ளே ஆடம்பரம் சொற்பம்: பிக்கப் ஓட்டிப் பழகிய தங்களுக்கு அது பிறந்தகம் போலவே இருக்கும். ஜிம்னி, பெட்ரோல் 1.5 லிட்டர், சுமார் 1200 கிலோ; கனத்த வண்டி புதையும் இடத்தில் இலேசாக மேலே போய்விடும், ஆனால் விரைவுச் சாலையில் நாலு பேரும் அறுபது கிலோ அரிசியும் என்றால் பெருமூச்சு விடும். தார் இரண்டுக்கும் நடுவே. நாசிக்கில் தயாராகும் அந்த வண்டியை உருவாக்கியது செங்கல்பட்டுக்கு அருகே மஹிந்திராவின் ஆராய்ச்சிக் கூடம் என்பதால், வண்டியோடு தமிழில் கோபித்துக்கொண்டாலும் அதற்கு விளங்கக் கூடும்.

ஓர் எச்சரிக்கை. 2023 ஜனவரி முதல் பின் சக்கரம் மட்டும் உந்தும் தாரும் விற்பனையில் உண்டு. பார்வைக்கு ஒன்றே, லோ ரேஞ்ச் கிடையாது. விலை குறைவு என்று அதை வாங்கினால், மணல் மூட்டையைத் தூக்கியெறியாமல் பத்திரமாக வைத்திருங்கள். என் அபிப்பிராயம் கேட்டால், தங்களுக்குக் குர்காதான். தங்கள் வீட்டாருக்குத் தார்.

கேள்வி: குர்கா 700 மில்லிமீட்டர் தண்ணீரில் இறங்கும் என்கிறார்கள். மழைக்காலத்தில் பவனா பெருகி மோரயா கோசாவி ஆலயத்தைச் சூழும்போது ஓட்டிக் காட்டலாமா?
— வாலிபர், சிஞ்ச்வட்காவ்

பதில்: அந்த 700 நிற்கும் நீருக்கு, தரை தெரிந்த நீருக்கு. பவனா அணையின் மதகு திறந்து ஓடி வரும் நீர் வேறு. ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் ஆழமுள்ள ஓடும் நீரே பெரும்பாலான வண்டிகளைத் தரையிலிருந்து தூக்கிப் பக்கவாட்டில் தள்ளப் போதும். டயர் மிதக்கத் தொடங்கியபின் நாலு சக்கர உந்துதலும் மிதந்துகொண்டே சுற்றும். ஆலயத்துக்குப் பிரார்த்தனையோடு போவது வழக்கம். பிரார்த்தனையோடு திரும்பும் நிலையை வரவழைத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: பிக்கப் இருந்தவரை சொந்தக்காரர்களெல்லாம் வீடு மாற்ற, பீரோ ஏற்ற, பந்தல் சாமான் கொண்டுவர எங்களையே கேட்டார்கள். இனி யாரைக் கேட்பார்கள்?
— இல்லத்தரசி, சிஞ்ச்வட்

பதில்: அம்மணி, வண்டி மாற்றுவதற்கு இதைவிடச் சிறந்த காரணம் எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: என் தாயாருக்கு எழுபத்தைந்து வயது. பொங்கலுக்குத் திருநெல்வேலி வரை காரிலேயே போக ஆசை. உயரமான வண்டியில் எப்படி ஏற்றுவது?
— மகன், தத்வாடி

பதில்: இதை ஷோரூமில் யாரும் சோதிப்பதில்லை, எல்லோரும் ஓட்டுநர் ஆசனத்தில் ஏறிச் சக்கரத்தைப் பிடித்துப் பார்த்து மகிழ்ந்துவிட்டு வருகிறார்கள். தாயாரை அழைத்துப் போங்கள். பின் இருக்கையில் ஏறச் சொல்லுங்கள். மூன்று கதவு வண்டியில் முன் ஆசனத்தை மடக்கி, தலையைக் குனிந்து, காலை மடித்து உள்ளே நுழையும் வித்தை முப்பது வயதுக்காரருக்கே சிரமம். ஐந்து கதவுகள் அவசியம்: 2024 ஆகஸ்ட் 15-இல் வந்த தார் ராக்ஸ் உண்டு, ஐந்து கதவுக் குர்கா உண்டு. பக்கவாட்டில் அகலமான ஒரு மிதிபடியும், கதவுத் தூணில் கெட்டியான கைப்பிடியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். மிதிபடி பாறையில் இடிக்குமே என்று, மலைப்பாதையில் வண்டி ஓட்டும் கிளப்பிலுள்ள நண்பர் ஆட்சேபிப்பார். அவருடைய தாயார் எந்த வண்டியில் வருகிறார் என்று விசாரியுங்கள்.

கேள்வி: பிக்கப்பை விற்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும்? வாங்க வந்தவர் தெரிந்தவர்தான், கையெழுத்துப் போட்ட காகிதம் போதும் என்கிறார்.
— மறுபடியும் பட்டறை உரிமையாளர்

பதில்: தெரிந்தவர் என்பதால்தான் கூடுதல் ஜாக்கிரதை வேண்டும். கடன் பாக்கி இருந்து தீர்ந்திருந்தால், வங்கியிடமிருந்து படிவம் 35 வாங்கி அடமானக் குறிப்பை நீக்குங்கள். படிவம் 29, 30 இரண்டிலும் கையொப்பமிட்டு, எம்.எச்.-14 வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு விற்பனையைப் பதினாலு நாட்களுக்குள் தெரிவியுங்கள். கண்ணாடியில் ஒட்டிய பாஸ்டேகைக் கழற்றிக் கணக்கையும் மூடிவிடுங்கள். மும்பை விரைவுச் சாலையில் 2023 ஏப்ரல் முதல் சுங்கம் காருக்கு 320 ரூபாய், டெம்போ வகைக்கு 495. புதிய வண்டியில் தாங்கள் 320 கொடுத்து மிச்சம் பிடித்ததாக எண்ணிக்கொண்டிருக்க, பழைய வண்டியின் 495 தங்கள் வங்கிக் கணக்கிலிருந்தே போய்க்கொண்டிருக்கலாம். பெயர் மாறாத வரை, அந்தத் தெரிந்தவர் மஞ்சள் பலகையோடு சிக்னலைத் தாண்டும் புகைப்படங்கள் தங்கள் கைப்பேசிக்குத்தான் வரும். படத்தில் தொட்டி நிறைய அவருடைய சொந்தக்காரரின் பீரோவும் இருக்கும்.