போல்ட்டை எத்தனை முறை வரைவீர்கள்?

கே: சிமுலேஷன் சாஃப்ட்வேரில் ‘பாக நூலகம்’ என்று ஒன்று இருக்கிறதாம். நானே வரைந்துகொண்டால் என்ன குறைந்துவிடும்?
(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவி)

ப: அறிவு குறையாது, ஆயுள் குறையும்! முதல் போல்ட்டை வரையும்போது கற்கிறீர்கள். ஐம்பதாவது போல்ட்டை வரையும்போது வெறுமனே உழைக்கிறீர்கள்.

ரெடிமேட் சட்டை ஒரே அளவுக்காரருக்குத்தான் பொருந்தும். தையல்காரர் சுவரில் மாட்டி வைத்திருக்கும் பேப்பர் கட்டிங்கோ மார்பளவையும் கை நீளத்தையும் சொன்னால் ஊருக்கே உதவும். நூலகத்தில் இருக்கும் பாகம் அந்தப் பேப்பர் கட்டிங் மாதிரி. அளவுகளைக் கொடுத்தால் அதற்கேற்ற உருவம் தயாராகிவிடும்.

காம்சால் மல்ட்டிபிசிக்ஸ் சாஃப்ட்வேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒளியியல் வேலைக்கு லென்ஸ், கண்ணாடி. மின்காந்த வேலைக்குக் காயில், கோர். கட்டமைப்புக்கு போல்ட், உத்தரக் குறுக்குவெட்டு. ரசாயனத் தொட்டிக்குக் கலக்கி என்று துறைவாரியாகப் பாகங்கள் அதில் தயாராக இருக்கின்றன. நீங்கள் செய்ததையும் அதே போல நூலகமாக்கி வைக்கலாம். எனக்கு இந்த இரண்டாவது வசதியின்மீதுதான் ஆசை அதிகம். ஏன் என்று போகப்போகச் சொல்கிறேன்.

கே: இது யாருடைய மூளையில் உதித்தது?
(ஓய்வுபெற்ற வரைவாளர்)

ப: 1963-இல் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் என்ற ஆராய்ச்சி மாணவர் ‘ஸ்கெட்ச்பேட்’ என்ற நிரலைத் தம் முனைவர் பட்டத்துக்காக எழுதினார். டி.எக்ஸ்-2 என்ற கணினியின் திரையில் ஒளிப்பேனாவால் வரையலாம். அதைவிடப் பெரிய அதிசயம், ஒரு மூலப் படத்தை வரைந்து, அதன் நகல்களைத் திரையெங்கும் பரப்ப முடிந்ததுதான். மூலத்தைத் திருத்தினால் நகல்கள் அத்தனையும் திருந்தின. இன்றைய பாக நூலகங்கள் எல்லாவற்றுக்கும் அதுவே தாத்தா.

அளவுகளைப் பாராமீட்டராக வைத்து முப்பரிமாண உருவத்தையே ஆட்டிவைக்கும் பழக்கத்தைத் தொழிற்சாலைகளுக்குள் கொண்டுவந்தது 1988-இல் வெளியான ப்ரோ-இன்ஜினியர். கணினிக்கு வெளியே பார்த்தால் இன்னும் முன்னால் போகவேண்டும். 1841-இல் ஜோசப் விட்வொர்த் இங்கிலாந்தில் மரைகளுக்குப் பொது அளவை முன்மொழிந்தார். ஒருவர் பட்டறையில் செய்த போல்ட் இன்னொருவர் பட்டறையின் நட்டில் ஏறவேண்டும் என்ற அந்த ஏக்கம்தான் நூலகத்தின் விதை.

கே: நல்ல பாகம் என்று எதைச் சொல்வீர்கள்? நான் செய்த பாகத்துக்கு நாற்பது பாராமீட்டர்!
(பம்ப் வடிவமைப்பாளர், கோவை)

ப: நாற்பது பாராமீட்டர் கேட்கும் பாகத்தை உங்களைத் தவிர யாரும் எடுக்கமாட்டார்கள். அடுத்த வருஷம் நீங்களும் எடுக்கமாட்டீர்கள்!

சிக்கனத்துக்கு ஒரு முன்மாதிரி சொல்கிறேன். அமெரிக்காவின் விமான ஆராய்ச்சி அமைப்பான நாக்கா 1933-இல் 78 விமான இறக்கைக் குறுக்குவெட்டுகளின் சோதனை முடிவுகளை வெளியிட்டது. ஒவ்வொன்றுக்கும் நான்கு இலக்கம்தான் பெயர். நாக்கா 2412 என்றால், இறக்கையின் அகலத்தில் 2 சதவீதம் வளைவு, அந்த வளைவின் உச்சம் முன்விளிம்பிலிருந்து 40 சதவீதத் தொலைவில், அதிகபட்சத் தடிமன் 12 சதவீதம். பெயரே பாராமீட்டர்; மிச்சத்தைச் சமன்பாடு வரைந்துவிடும். செஸ்னா 172 விமானம் இந்த வெட்டோடுதான் பறக்கிறது.

உங்கள் துறைக்குப் பக்கத்திலேயே இன்னொன்று இருக்கிறது. ஒரு வட்டத் தட்டைச் சுற்றி ஆறு தகடுகள் பொருத்திய ரஷ்டன் கலக்கி. வழக்கமான விகிதப்படி கலக்கியின் விட்டம் தொட்டியின் விட்டத்தில் மூன்றில் ஒன்று. தகட்டின் நீளம் கலக்கி விட்டத்தில் நான்கில் ஒன்று, உயரம் ஐந்தில் ஒன்று. தொட்டி 3 மீட்டர் என்று ஒரே எண்ணைக் கொடுங்கள்: கலக்கி 1 மீட்டர், தகடு 25 செ.மீ. நீளம், 20 செ.மீ. உயரம் என்று மற்றதெல்லாம் தானே விழும். வேறு விகிதம் வேண்டுபவர் மாற்றிக்கொள்ளட்டும். வேண்டாதவரைக் கேள்வி கேட்டுத் துளைக்காதீர்கள். உங்கள் நாற்பதில் எவை முடிவுகள், எவை அந்த முடிவுகளின் விளைவுகள் என்று பிரித்துப் பாருங்கள். பெரும்பாலானவை இரண்டாவது வகையாக இருக்கும்.

கே: வடிவத்தைக் கொஞ்சம் மாற்றினால், நான் ஒரு முகத்துக்குக் கொடுத்த அழுத்தம் வேறு முகத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. பேயா, பிழையா?
(தூக்கம் கெட்ட ஆய்வாளர்)

ப: பேய் என்றால் மந்திரித்துவிடலாம். இது எண்ணால் வந்த வினை. சாஃப்ட்வேருக்குள் ஒவ்வொரு முகத்துக்கும் ஓர் எண் உண்டு. நீங்கள் 17-ஆம் முகத்தைச் சொடுக்கி அழுத்தம் கொடுத்தீர்கள். அப்புறம் ஒரு துளை போட்டீர்கள். முகங்கள் கூடின, வரிசை மாறியது. பெரும்பாலும் சாஃப்ட்வேரே சமாளித்துக்கொள்ளும். தவறும்போது சத்தம் போடாமல் தவறும். கணக்கு ஓடும், வண்ணப்படம் வரும், எல்லாம் அழகாக இருக்கும். அழுத்தம் மட்டும் வேறிடத்தில்!

பாகத்தை உருவாக்கும்போதே முகங்களுக்குப் பெயர் வைப்பதுதான் மருந்து. ‘நீர் நுழையும் முகம்’, ‘போல்ட் அமரும் முகம்’ என்று தேர்வுகளைப் பாகத்துக்குள்ளேயே வரையறுத்துவிட்டால், பாகம் எந்த மாடலுக்குப் போனாலும் பெயரும் கூடவே போகும். எல்லை நிபந்தனை, பொருள், மெஷ் (கணக்குக்காக வடிவத்தைச் சிறு துண்டுகளாக வெட்டும் வலை) எல்லாவற்றையும் அந்தப் பெயருக்குக் கொடுங்கள். அளவு மாறலாம், எண் மாறலாம், பெயர் நிற்கும்.

இடத்தைக் குறிப்பதும் இப்படித்தான். ஒரு லென்ஸ் பாகம் தன் முன்பரப்பு, பின்பரப்பு உச்சிகளில் தளங்களைச் சுமந்து வந்தால், அடுத்த லென்ஸை அந்தத் தளத்திலிருந்து இத்தனை மில்லிமீட்டர் என்று வைக்கலாம். முதல் லென்ஸின் தடிமனை மாற்றுங்கள். பின்னால் இருக்கும் வரிசை முழுவதும் நகர்ந்து இடம் கொடுக்கும். பெயரும் தளமும் இல்லாத பாகம் வெறும் பொம்மை. அவை இருந்தால்தான் அதைக் கருவி என்பேன்.

கே: எம்10 போல்ட்டுக்கு மரையையும் வரையவேண்டுமா?
(பாலிடெக்னிக் ஆசிரியர்)

ப: மரையே உங்கள் கேள்வி என்றால் வரையுங்கள். மொத்த இணைப்பு தாங்குமா என்பது கேள்வி என்றால் வேண்டாம். எம்10-இன் வழக்கமான புரி இடைவெளி 1.5 மி.மீ. அந்தப் பள்ளங்களில் மெஷ் நுழையவேண்டுமானால் பொடிப்பொடியாக வெட்டவேண்டும். இருபது போல்ட் இருந்தால் கணினி ராத்திரி முழுக்க மரையிலேயே சுற்றும்.

ஆனால் மழுமழுவென்று 10 மி.மீ. உருளையாக வரைந்து, அதில் தெரியும் தகைவை அப்படியே நம்பிவிடாதீர்கள். அந்த உருளையின் பரப்பு 78.5 சதுர மி.மீ.; மரைப் பகுதியில் இழுவிசையைத் தாங்கும் பரப்போ 58 சதுர மி.மீ. அங்கே மாடல் காட்டும் தகைவு உண்மையைவிடக் கால் பங்குக்கும் மேல் குறைவாக இருக்கும். அதற்கு நிகரான விட்டம் சுமார் 8.6 மி.மீ. நல்ல நூலகப் பாகம் இதைத் தன் குறிப்பில் சொல்லிவிடும்.

இன்னொரு பொறி தலையில் இருக்கிறது. பழைய டின் 931 தரத்தில் எம்10 தலையின் எதிர்ப்பக்க அகலம் 17 மி.மீ.; ஐ.எஸ்.ஓ. 4014-இல் 16 மி.மீ. ஸ்பேனரும் மாறும், தலைக்கடியில் அழுத்தம் பரவும் பரப்பும் மாறும். ‘எம்10 போல்ட்’ என்று மட்டும் பெயர் வைத்த கோப்பு பாதி விலாசம் எழுதிய கடிதம்தான். தரத்தின் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்.

கே: நூலகத்திலிருந்து வந்த பாகம்தானே, மறுபடி எதற்குச் சரிபார்க்கவேண்டும்?
(அவசரக்காரர்)

ப: 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து ஏரியன் 5 ராக்கெட் முதன்முறையாகக் கிளம்பியது. திசையறியும் கருவியின் நிரலை ஏரியன் 4-இலிருந்து எடுத்து வைத்திருந்தார்கள். பழைய ராக்கெட்டில் குற்றமில்லாமல் ஓடிய நிரல் அது. புதிய ராக்கெட்டின் கிடைத்திசை வேகம் அதிகம். அதையொட்டிய ஒரு மதிப்பு 16 பிட்டுக்குள் அடங்கவில்லை. சுமார் 37 விநாடிகளில் கருவி செயலிழந்தது. ராக்கெட் திசைமாறிச் சிதறியது. அது வடிவம் இல்லை, நிரல். ஆனாலும் மறுபயன்பாட்டின் பாடம் இரண்டுக்கும் ஒன்றுதான். அந்த நிரல் எந்த எல்லைக்குள் சரி என்பது நிரலோடு சேர்ந்து பயணப்படவில்லை.

ஆகவே உங்கள் பாகத்துக்குள்ளேயே காவல் போடுங்கள். சுவர்த் தடிமன் ஆரத்தைவிட அதிகமானால், துளை விளிம்பைத் தொட்டால், பாகம் பிடிவாதமாக மறுக்கவேண்டும். காம்சாலில் இதற்கென்றே ‘பாராமீட்டர் செக்’ என்ற வசதி உண்டு. நிபந்தனை மீறப்பட்டால் நீங்கள் எழுதிவைத்த எச்சரிக்கையைக் காட்டி நின்றுவிடும். அளவுகளை வெறும் 10 என்று எழுதாமல் அலகோடு எழுதுவதும் காவல்தான்.

கே: வடிவம் சரி, அளவும் சரி. இனி விடை சரியாகத்தானே வரும்?
(அதே அவசரக்காரர், இரண்டாம் கடிதம்)

ப: மெஷ்ஷைக் கேளுங்கள். நார்வேயின் ஸ்லைப்னர் ஏ எண்ணெய் மேடைக்கான கான்கிரீட் அடித்தளத்தில் 24 அறைகள். உருளை அறைகள் மூன்று சந்திக்கும் இடத்தில் ஒரு சிறு முக்கோணக் கூடு. அந்த வடிவம் அடித்தளத்தில் பல இடங்களில் திரும்பத் திரும்ப வந்தது. கணினி மாடலில் அங்கே மெஷ் கரடுமுரடாகவும் கோணலாகவும் இருந்ததால், வெட்டுத் தகைவு 47 சதவீதம் குறைவாகக் கணிக்கப்பட்டது. அதை நம்பி வைத்த சுவரும் கம்பியும் போதவில்லை. 1991 ஆகஸ்ட் 23 அன்று, கான்ட்ஸ்ஃபியோர்டில் சோதனைக்காக அடித்தளத்தை நீருக்குள் இறக்கியபோது சுவர் பிளந்து மொத்தமும் மூழ்கியது. ஆட்கள் தப்பினார்கள்.

பிறகு கவனமாக மறுபடி கணக்கிட்டபோது, 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்று விடை வந்தது. உண்மையில் உடைந்தது சுமார் 65 மீட்டரில். முறை நல்ல முறைதான். அதைக் கையாண்ட விதம்தான் கவிழ்த்தது. திரும்பத் திரும்ப வரும் வடிவத்தில் ஒரு தவறு நுழைந்தால் அது தனியாக இருக்காது, குடும்பத்தோடு வரும். அதனால் பாகத்தை நூலகத்தில் வைக்கும்முன், மெஷ்ஷை இரண்டு மூன்று நிலைகளில் நுணுக்கி விடை நிலைக்கிறதா என்று பாருங்கள். எந்த நுணுக்கத்தில் நிலைத்தது என்பதைப் பாகத்தின் குறிப்பிலேயே எழுதுங்கள்.

கே: எங்கள் அலுவலகத்தில் ஒரே வால்வுக்கு மூன்று கோப்புகள். ‘இறுதி’, ‘இறுதி-2’, ‘உண்மையான இறுதி’. எது உண்மை?
(குழுத் தலைவர்)

ப: மூன்றையும் திறந்து ஒப்பிட்டு, ஒன்றை மூலமாக்கி, ஒருவரை அதற்குப் பொறுப்பாளராக்குங்கள். பெயரில் ‘இறுதி’ வேண்டாம். பதிப்பு எண் போதும். நடக்கும் வேலைகள் மூலத்தைப் பார்த்து இயங்கட்டும். திருத்தம் எல்லோருக்கும் போய்ச் சேரும். கையெழுத்தாகி வாடிக்கையாளரிடம் போன வேலைக்கு மட்டும் அன்றைய பாகத்தை நகலெடுத்து உறையவைத்துவிடுங்கள். நேற்று ஒப்புக்கொண்ட விடை, நாளைய திருத்தத்தால் மாறக்கூடாது.

கே: எல்லாம் தயாராகக் கிடைத்தால் இளைஞர்கள் யோசிப்பதை நிறுத்திவிடமாட்டார்களா?
(கவலைப்படும் தந்தை, அவரும் பொறியாளர்)

ப: நிறுத்தவேண்டிய யோசனை சில உண்டு சார். போல்ட்டின் தலை எத்தனை மி.மீ. என்று ஒருவர் ஒருமுறை சரியாக யோசித்தால் போதும். மிச்சமாகும் நேரத்தில் இந்த இணைப்பு ஏன் தளர்கிறது, இந்தக் குழாய் ஏன் அதிர்கிறது என்று யோசிக்கட்டும். உங்கள் பிள்ளையிடம் சொல்லுங்கள்: எந்தப் பாகத்தையும் முதல்முறை கையால் உருவாக்கு, கைக்கணக்கோடு ஒப்பிட்டுப் பார், அதற்குப் பிறகு நூலகத்தில் வை.

நூலகத்தை உருவாக்குவதில் எனக்கு ஆசை அதிகம் என்றேன் அல்லவா? காரணம் இதுதான். வேலையை விட்டுப் போகும் மூத்த பொறியாளரோடு எவ்வளவோ அறிவும் போய்விடுகிறது. அவர் செய்த பாகத்தில் அலகும் எல்லையும் முகங்களின் பெயரும் மெஷ் குறிப்பும் இருந்தால், அதில் பெரும்பகுதி தங்கிவிடும். உருவம் மட்டும் இருந்தால், அடுத்து வருபவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்கவேண்டும், சில சமயம் நஷ்டப்பட்டுக் கற்கவேண்டும். இந்த வாரம் நீங்கள் அடிக்கடி வரையும் ஒரு பாகத்தை எடுத்து, அது எங்கே செல்லுபடியாகாது என்பதை முதல் வரியாக எழுதிச் சேமியுங்கள். பிள்ளைக்கு அதைவிட நல்ல பாடம் வேண்டியதில்லை.