அட்மின் சார்

எங்கள் பகுதியில் அவரை எல்லோரும் ‘அட்மின் சார்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். சொந்தப் பெயர் தபால்காரருக்கும் ரேஷன் கார்டுக்கும் மட்டுமே தெரியும். ஒருமுறை வீட்டுக்குப் போனபோது அவர் மனைவியே, “அட்மினையா பார்க்கணும்? மாடியில சார்ஜ் போட்டுட்டு இருக்கார்” என்றார். யாருக்கு சார்ஜ் என்று நான் கேட்கவில்லை.

அட்மின் சார் இல்லாத ஊர் கிடையாது. கல்யாண ஏற்பாட்டுக்காகத் தொடங்கிய வாட்ஸ்அப் குரூப்பை, அந்தத் தம்பதியின் பிள்ளை எல்.கே.ஜி. போன பிறகும் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் எனக்குத் தெரியும். கொடைக்கானலிலிருந்து இறங்கி ஏழு வருடமாகியும் ‘கொடை டூர்’ இன்னும் மலைமேலேயே நிற்கிறது. ஆனால் எங்கள் அட்மின் சாரின் கதை வேறு. அவருடைய குரூப் நிஜமாகவே உயிர் காத்த குரூப்.

2015 டிசம்பர் 1. ஏரிகள் நிரம்பி வழிந்து, அடையாறு கரை மீறி, முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. மொட்டை மாடியில் குடையும் போனுமாக நின்றபடி அவர் ‘வெள்ள உதவி’யைத் தொடங்கினார். அப்போது வாட்ஸ்அப் குரூப் ஒன்றில் நூறு பேருக்குத்தான் இடம். “மூணாவது தெரு, கர்ப்பிணி, போட் வேணும்.” “தாத்தாவுக்கு இன்சுலின். என் போன்ல சார்ஜ் 4%.” ஒரு வார்த்தை அதிகம் இருக்காது. மீனவர்கள் லாரியில் ஏற்றி வந்த படகு எந்தத் தெரு முனையில் நிற்கிறது, எந்த மாடியில் யார் காத்திருக்கிறார்கள் என்று இரண்டையும் முடிச்சுப் போட்டவர் அவர். அந்த ஐந்து நாளும் அவர் பெரிய மனிதர். இதில் கிண்டல் எதுவும் இல்லை.

பிறகு தண்ணீர் வடிந்தது. சம்ப் கழுவ ஆள் கேட்டார்கள். ஊறிய மெத்தையை எங்கே போடுவது என்று கேட்டார்கள். எல்லோரும் நன்றி சொன்னார்கள். பதினோராம் நாள் காலை யாரோ ஒரு ரோஜாப் பூப் படம் போட்டார்கள், மேலே பனித்துளி, கீழே ‘குட் மார்னிங்’. அன்றே மூடியிருக்க வேண்டும்.

மூடுவாரா? முப்பத்தைந்து வருடம் அரசு அலுவலகத்தில் அடுத்தவர் கையெழுத்துக்காகக் கோப்பைத் தூக்கிக்கொண்டு நடந்தவர். அவர் சேர்த்தால் உள்ளே, நீக்கினால் வெளியே என்ற முதல் பதவி, ஓய்வு பெறும் வயதில், அதுவும் இடுப்பளவு தண்ணீரில் கிடைத்தது. 2016-இல் வாட்ஸ்அப் நூறை 256 ஆக உயர்த்தியபோது, தொகுதி சீரமைப்பில் தம் தொகுதி பெரிதான எம்.எல்.ஏ. போலத் தெருவில் நடந்தார். பிற்பாடு 512, பிறகு 1024 என்றானபோது சேர்க்க ஆள் இல்லாமல், கேஸ் சிலிண்டர் போடும் தம்பியின் மச்சானையும் சேர்த்தார்.

பெயர் மட்டும் காலத்துக்கேற்ப மாறியது. வர்தா புயலுக்கு ஒரு பெயர், கஜாவுக்கு ஒரு பெயர், 2020-இல் ‘கொரோனா விழிப்புணர்வு’. கடைசியில் எல்லா ஆபத்தும் தீர்ந்து ‘உறவுகள்’ ஆயிற்று. முகப்புப் படம் மட்டும் அதே படகு. அரசியல் கூடாது, மதம் கூடாது, சினிமா கூடாது, பார்வர்டு கூடாது என்று விதி போட்டிருந்தார். மிச்சம் இருந்தது பொழுது விடிவது ஒன்றுதான். அதைத்தான் தினமும் இருநூறு பேர் ஒருவருக்கொருவர் அறிவித்துக்கொண்டார்கள்.

2018-இல் அட்மின் மட்டுமே செய்தி போடலாம் என்றொரு வசதி வந்தது. அன்றே அதைப் போட்டுப் பார்த்தார். குரூப் நிசப்தம். மதியம்வரை யோசித்தும் சொல்வதற்கு எதுவும் தோன்றாமல் ஒரு ரோஜாவைப் போட்டார். பதில் போட யாருக்கும் வழி இல்லை. ராத்திரி எட்டு மணிக்குத் திறந்துவிட்டார்.

மூட முயலவே இல்லை என்று சொன்னால் பாவம். “ஆர்க்குட்டை கூகுளே 2014-இல் இழுத்து மூடிடுச்சு, கூகுள் ப்ளஸ்ஸையும் 2019-இல் மூடிட்டாங்க, உங்களுக்கு என்ன சார்?” என்று நானே கேட்டிருக்கிறேன். “அவங்களுக்கு அது பிசினஸ், எனக்கு இது குடும்பம்” என்றார். ஆனாலும் ஒரு பொங்கலன்று நீளமான விடைபெறும் கடிதம் போட்டார். பல வரி படித்தால்தான் ‘மேலும் படிக்க’ வரும். அதுவரை வாய் திறக்காத அறுபது பேர் “வேண்டாம் சார்” என்றார்கள். தொண்டர்களின் வேண்டுகோளை ஏற்று ராஜினாமாவை மாலையே திரும்பப் பெற்றார்.

இன்னொரு முறை ஒவ்வொருவராக நீக்க ஆரம்பித்தார். மூன்றாவது ஆளை நீக்கிய மறு நிமிடம் போன். “நான் என்ன சார் தப்பு பண்ணினேன்? இத்தனை வருஷத்தில ஒரு மெசேஜ் போட்டிருப்பேனா?” உண்மைதான், போட்டதே இல்லை. திரும்பச் சேர்த்தார். அந்த மனிதர் முதல்முறையாக ஒரு கும்பிடு போட்டார். பின்னால் நாற்பது கும்பிடுகள் வந்தன.

2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தது. அதே வரதராஜபுரம், அதே தண்ணீர். காலை ஆறு மணிக்கு ‘உறவுகள்’ குரூப்பில் ஒரு பெண்மணி “வயசான அம்மா இருக்காங்க, போட் கிடைக்குமா?” என்று கேட்டிருந்தார். அதன்மேல் முப்பத்தெட்டு குட் மார்னிங்குகள் வந்து விழுந்தன. ஒருவர் அந்தக் கேள்விக்கே பதிலாக ‘இனிய காலை’ போட்டிருந்தார். என்னைப் போன்ற பாதிப் பேர் குரூப்பை மியூட்டில் போட்டுப் பல வருடமாயிற்று. மதியத்துக்குள் கல்லூரி முடித்த பெண் ஒருத்தி ‘போட்’ என்று ஒற்றைச் சொல்லில் புதுக் குரூப் தொடங்கினாள். அட்மின் சாரையும் சேர்த்தாள், சாதாரண உறுப்பினராக.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்: அந்த நான்கு நாளும் அவர் பழைய மனிதர். எந்தத் தெருவில் பள்ளம், எந்த மாடிக்கு ஏணி வேண்டும் என்று அத்தனையும் மனப்பாடமாக வைத்திருந்தார். ஐந்தாம் நாள் அந்தப் பெண், “தண்ணி வடிஞ்சிடுச்சு. எல்லாருக்கும் நன்றி. குரூப்பை மூடறேன்” என்று போட்டுவிட்டு, அரை மணி நேரத்தில் ஒவ்வொருவராக நீக்கி முடித்தாள்.

மாலை என் வீட்டுக்கு வந்தார். “என்னையும் எடுத்துட்டா சார்” என்றார். கோபம் இல்லை, வியப்பு. “நாலே நாள்! ஒரு குட் மார்னிங்கூட விழலை அதுல.” காபி ஆறும்வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு மாதம் கழித்து ஒரு காலை என் போனில் ‘நீங்கள் இப்போது அட்மின்’ என்று வந்திருந்தது. அவர் போய்விட்டார். ஒரே அட்மின் வெளியேறினால் மிச்சமிருப்பவர்களில் யாரோ ஒருவர் தலையில் அந்தக் கிரீடம் தானாக வந்து உட்காரும். அன்று என் தலை. அவருக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. முன்பெல்லாம் ஒருவர் வெளியேறினால் குரூப் முழுக்கத் தெரியும். 2022-க்குப் பிறகு அட்மினுக்கு மட்டும்தான். இருந்த ஒரே அட்மின் அவர்தான். ஆக, அவர் போனது என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. அன்றும் வழக்கம்போல, “அட்மின் சாருக்கும் உறவுகளுக்கும் காலை வணக்கம்” என்று போட்டிருந்தார்கள்.

நான்காம் நாள் பால் பூத்தில் பார்த்தேன். பை நிறைய பால் பாக்கெட், முகம் நிறைய ஆவல். சுற்றும் முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

“குரூப்ல ஏதாவது பேசிக்கிட்டாங்களா?”

“பேசினாங்க சார்.”

“என்னன்னு?”

“உங்களுக்குக் காலை வணக்கம் சொன்னாங்க.”

பால் பையைக் கை மாற்றிக்கொண்டார்.

“எத்தனை பேர்?”