‘டேட்டா வரல சார்’: இன்மையின் ஐவகை குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

கணினி ஆய்வகங்களில் ஓயாமல் ஒலிக்கும் வாக்கியம் ‘டேட்டா வரல சார்’ என்பதாகும். ஆசிரியர் பெண்ணாயின் ஈற்றுச் சொல் ‘மேடம்’ எனத் திரியும், துன்பம் திரியாது. இவ்வாக்கியத்தில் எழுவாய் உண்டு, பயனிலை உண்டு, விளியும் உண்டு. இடம் மட்டும் இல்லை. தரவு எதுவரை வந்தது, எந்த வாசலில் நின்றுவிட்டது என்பதை மாணவர் சொல்வதில்லை, ஆசிரியரும் கேட்பதில்லை. அவர் நேரே வந்து, மாணவரின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, எஃப்5 விசையை அழுத்துகிறார். இருவரும் திரையைப் பார்க்கிறார்கள். இது சிகிச்சை எனப்படுகிறது.

இக்கட்டுரையின் துணிபு வருமாறு: வராமை ஒரு நோயன்று, ஐந்து நோய்களின் பொது அறிகுறி. ஐந்துக்கும் மருந்து வேறு. தரவுத்தளம் பழகத் தொடங்குவோர் ஓர் இன்மைக்குரிய மருந்தை இன்னோர் இன்மைக்குக் கொடுப்பதால்தான் ஆய்வகங்கள் மாலை ஆறு மணிக்குப் பிறகும் திறந்திருக்கின்றன.

2. முன்னோர் மொழிந்தவை

இல்லாததையும் ஒரு பொருளாக எண்ணிக் கணக்கில் சேர்த்த பெருமை தருக்க நூலாருக்கு உரியது. உலகப் பொருள்களை ஏழாக வகுத்து ஏழாவது இடத்தை அபாவத்துக்கு, அதாவது இன்மைக்கு, அவர்கள் கொடுத்தனர். அதையும் நான்காகப் பிரித்தனர். குடம் வனையப்படுமுன் இல்லாதிருப்பது முன்னின்மை. உடைந்தபின் இல்லாதிருப்பது அழிவுபாட்டின்மை. குடம் ஆடையாகாமை ஒன்றினொன்றின்மை. காற்றில் நிறம்போல முக்காலத்தும் இல்லாதிருப்பது என்றுமின்மை. தண்டியலங்காரமோ ஏது அணியைப் பேசுமிடத்தில் அபாவத்தை ஐந்தாக்கி, ‘உள்ளதன் அபாவம்’ என்று ஒன்றையும் வைக்கும். அப்பெயரை யாம் கடன் வாங்கி, பொருளை எம் வசதிக்குத் திருப்பிக்கொண்டோம்.

மேலைநாட்டாரும் இத்துறையில் உழைத்திருக்கின்றனர். ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்திலிருந்து எட்கர் கோட் 1970இல் உறவுமுறைத் தரவு மாதிரியை முன்வைத்தார். தெரியாத மதிப்புக்கு ‘நல்’ என்ற குறி வந்தது. அதனோடு உண்மை, பொய், தெரியாது என்னும் மூன்று முடிவுகள் கொண்ட தருக்கமும் வந்தது. 1990இல் வெளியான தம் நூலில் கோட் இன்மையை இரண்டாகப் பிரித்தார்: மதிப்பு இருக்க வேண்டும், ஆனால் தெரியவில்லை என்பது ஒன்று, மதிப்புக்கு இங்கே இடமே இல்லை என்பது மற்றொன்று. எஸ்க்யூஎல் மொழி இப்பிரிவை ஏற்கவில்லை. ஒரே ‘நல்’லை வைத்துக்கொண்டு இன்றளவும் குடும்பம் நடத்துகிறது.

ஆய்வுக் களமாக யாம் தேர்ந்தது ஆரக்கிளுடன் வந்த ‘எம்ப்’ அட்டவணை. அதன் பயனர் பெயர் ஸ்காட், கடவுச்சொல் டைகர். ஸ்காட் என்பவர் அந்நிறுவனத்தின் தொடக்ககால ஊழியர் புரூஸ் ஸ்காட். டைகர் அவர் வீட்டுப் பூனை. அட்டவணையில் 14 ஊழியர்கள். தலைவர் பெயர் கிங், சம்பளம் 5000. ஒவ்வொருவருக்கும் மேலாளர் யார் என்பதைச் சொல்லும் புலத்தின் பெயர் எம்ஜிஆர். அது வெறுமையாக இருப்பது கிங் ஒருவருக்கு மட்டுமே. இதைத் தமிழ்நாட்டு மாணவரிடம் நேரான முகத்துடன் கற்பித்த ஆசிரியர்கள் போற்றுதலுக்குரியர்.

3. முன்னின்மை

தரவு இன்னும் உள்ளே போகவே இல்லை; மாணவரோ போய்விட்டது என்று நம்புகிறார். இது முதல் வகை.

இதன் தூய வடிவம் ஆரக்கிளில் காணக்கிடைக்கும். ஒரு சாளரத்தில் ‘இன்செர்ட்’ கட்டளை கொடுத்தாயிற்று. ஒரு வரி சேர்ந்தது என்று பதிலும் வந்தாயிற்று. அடுத்த சாளரத்தில் ஓடும் நிரலில் அந்த வரி இல்லை. ‘கமிட்’ சொல்லாதவரை அந்த வரி எழுதியவர் கண்ணுக்கு மட்டுமே உண்டு. பிறர் எவருக்கும் இல்லை. ஒரே பொருள் ஒரே நேரத்தில் உள்ளதும் இல்லதும் ஆகும் இந்நிலையைத் தருக்க நூலார் கண்டிருந்தால் எட்டாவது பொருள் ஒன்றையும் எண்ணியிருப்பர்.

இன்னொரு வடிவம் ஒற்றை மேற்கோள் குறியால் விளைவது. தூத்துக்குடிக் கடற்கரையில் டி’குரூஸ், டி’சில்வா என்ற குடும்பப் பெயர்கள் உண்டு. படிவத்தில் தட்டச்சிட்ட பெயரை அப்படியே கட்டளைக்குள் ஒட்டவைக்கும் நிரலுக்கு முருகன் வந்தால் குறையில்லை. டி’குரூஸ் வந்ததும், பெயருக்கு நடுவே உள்ள குறியைப் பெயரின் முடிவு என்று தரவுத்தளம் எடுத்துக்கொள்கிறது. எஞ்சிய ‘குரூஸ்’ என்ன கட்டளை என்று புரியாமல் 1064ஆம் எண் பிழையைத் தெரிவிக்கிறது. பிழைச் செய்தி திரையில் அசிங்கமாக இருக்கிறதென்று மாணவர் அதை முன்பே அடக்கி வைத்திருக்கிறார். எனவே பக்கம் ‘வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது’ என்று பச்சை நிறத்தில் அறிவிக்கிறது.

இதற்கு மருந்து டி’குரூஸ் பெயரை மாற்றிக்கொள்வதன்று. கட்டளையைத் தனியாகவும் மதிப்பைத் தனியாகவும் அனுப்பும் ‘பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்’ முறையே மருந்து. நல்லவர் பெயர் நுழைய முடியாத அதே ஓட்டை வழியாகத்தான் கெட்டவர் கட்டளை நுழைகிறது என்பதால், இம்மருந்து இரு நோய்க்கும் ஒருசேர ஆகும். பிழைச் செய்தியை அடக்காதிருத்தல் பத்தியம்.

4. அழிவுபாட்டின்மை

இருந்தது, இப்போது இல்லை. இதன் தலைசிறந்த எடுத்துக்காட்டு ‘வேர்’ இல்லாத ‘டெலீட்’. ஒரு மாணவரை நீக்க நினைத்து வகுப்பையே நீக்குவது. ஆரக்கிளில் கமிட் சொல்லாதவரை ‘ரோல்பேக்’ உண்டு. மைஎஸ்க்யூஎல் ஒவ்வொரு கட்டளையையும் தானே உடனுக்குடன் உறுதிசெய்துவிடும் வழக்கமுடையது. அங்கே வருந்த மட்டுமே வழியுண்டு. நீக்குமுன் அதே ‘வேர்’ நிபந்தனையைச் ‘செலக்ட்’டில் போட்டு எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்ப்பது அறிவுடையார் ஒழுக்கம்.

நுட்பமான அழிவும் உண்டு. செல்பேசி எண்ணை ‘இன்ட்’ வகைப் புலத்தில் வைப்பது அது. அப்புலம் தாங்கும் உச்ச எண் 2147483647. நம் நாட்டுச் செல்பேசி எண்களோ 6, 7, 8, 9இல் தொடங்கும் பத்து இலக்கங்கள். ஒன்றுகூட உள்ளே அடங்காது. பழைய மைஎஸ்க்யூஎல் நிறுவல்கள் இதற்காக நிற்பதில்லை. எண்ணை உச்ச வரம்புக்கு வெட்டி, சேமித்துவிட்டதாகத் தலையசைக்கும். விளைவாக ஊரில் உள்ள அனைவருக்கும் 2147483647 என்ற ஒரே செல்பேசி. 2015இல் வந்த 5.7 பதிப்பிலிருந்து கண்டிப்பு முறை இயல்பாகிவிட்டதால் இப்போது பிழை சொல்லி மறுக்கும். கூட்டிக் கழிக்காத எண் எழுத்தே என்பது இங்கே கொள்ளவேண்டிய விதி. சென்னையின் 044இல் முன்னிற்கும் சுழியம் பிழைப்பதும் அவ்விதியால்தான்.

5. ஒன்றினொன்றின்மை

இது அதுவன்று என்பதை அறியாமையால் வரும் இன்மை. ‘நல்’ வேறு, சுழியம் வேறு, வெற்று எழுத்துச்சரம் வேறு.

எம்ப் அட்டவணையில் கமிஷன் புலத்தை நோக்குக. ஆலனுக்கு 300, வார்டுக்கு 500, மார்ட்டினுக்கு 1400, டர்னருக்கு 0. மற்ற பத்துப் பேருக்கு நல். டர்னர் கமிஷன் பெறும் வேலையில் இருக்கிறார், ஆனால் எதுவும் தேறவில்லை. மற்றவர்கள் அந்த வேலையிலேயே இல்லை. சராசரி கேட்டால் தரவுத்தளம் நால்வரை மட்டும் எண்ணி 550 என்கும். நல்லையெல்லாம் சுழியமாக்கிவிட்டுக் கேட்டால் ஏறத்தாழ 157. இரண்டும் சரியான விடைகளே; கேள்விகள்தாம் வெவ்வேறு.

சம்பளத்தோடு கமிஷனைக் கூட்டி மொத்த வருமானம் காட்டச் சொன்னால் துயரம் முற்றும். தெரியாததோடு எதைக் கூட்டினாலும் தெரியாததே விடையாதலின், பத்துப் பேரின் கட்டம் வெறுமையாகும். கிங் அவர்களும் அப்பத்தில் ஒருவர். 5000 சம்பளம் வாங்கும் தலைவருக்கு வருமானமே இல்லாமற் போகும். ‘நல் என்றால் சுழியம் என்று கொள்க’ எனச் சொல்லும் ‘என்விஎல்’ அல்லது ‘கோலெஸ்’ இதற்குரிய மருந்து.

வெற்றுச்சரமும் நல்லும் ஒன்றா என்பதில் சமய பேதம் உண்டு. ஆரக்கிள் மதத்தார் இரண்டும் ஒன்றே என்னும் அத்வைதிகள். மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் மதத்தார் இரண்டும் வேறென்னும் துவைதிகள். ஒரு மடத்திலிருந்து இன்னொரு மடத்துக்கு நிரலை மாற்றும்போது எழும் பூசல்களின் வேர் இதுவே.

6. என்றுமின்மை

நேற்றும் வரவில்லை, இன்றும் வராது, நாளையும் வராது. கமிஷன் இல்லாதவர்களைக் கேட்க ‘கமிஷன் சமம் நல்’ என்று நிபந்தனை எழுதுவது இவ்வகை. தெரியாத ஒன்று தெரியாத இன்னொன்றுக்குச் சமமா? தெரியாது. ‘தெரியாது’ என்பது ‘ஆம்’ ஆகாது என்பதால் ஒரு வரியும் வெளிப்படாது. ‘இஸ் நல்’ என்று எழுதினால் பத்துப் பேரும் உடனே வருவர்.

இவ்வகையின் சிகரம் பின்வருவது. யாருக்கும் மேலாளராக இல்லாதவர்கள் யார் என்று அறிய, ஊழியர் எண் எம்ஜிஆர் புலத்தில் இல்லாதவர்களை ‘நாட் இன்’ கொண்டு கேட்கிறோம். விரல்விட்டு எண்ணினால் 14 பேரில் மேலாளர்கள் ஆறு பேர். எஞ்சியவர் எட்டுப் பேர். தரவுத்தளம் தரும் விடையோ ஒருவரும் இல்லை என்பது. என்னை? கிங்குக்கு மேலாளர் தெரியாது. அத்தெரியாத எண் ஒருவேளை இந்த எட்டுப் பேரில் எவருடையதாகவும் இருக்கலாமே என்று தரவுத்தளம் ஐயுற்று எட்டுப் பேரையும் நிறுத்திவைக்கிறது. தலைவர் ஒருவர் பதில் சொல்லாததால் கீழே எட்டுப் பேரின் கோப்பு நகரவில்லை. இது கணினிக்கு மட்டும் உரிய குணமன்று என்பதால் மேலும் விரிக்காமல் விடுகிறோம். ‘நாட் எக்ஸிஸ்ட்ஸ்’ எழுதினால் கோப்பு நகரும்.

7. உள்ளதன் இன்மை

தரவு பத்திரமாக உள்ளது, கண்ணுக்குத்தான் இல்லை. காட்டும் வித்தையில் நிகழும் பிழைகள் அனைத்தும் இதில் அடங்கும்.

எண்ணிப் பார்த்தால் பத்து வரி, திரையில் ஒன்பது. எப்போதும் காணாமற்போவது முதல் வரி. சுழற்சி தொடங்குமுன், ஏதேனும் வந்திருக்கிறதா என்று சோதிக்க மாணவர் ஒரு வரியை எடுத்துப் பார்த்தார். எடுத்ததைத் திருப்பி வைக்கவில்லை. சுழற்சி இரண்டாவதிலிருந்து தொடங்கியது.

தேதி இல்லாத இடத்தில் 1970 ஜனவரி 1, காலை 5.30 தோன்றுவதும் இவ்வகையின் மறுதலை. யுனிக்ஸ் காலக்கணக்கின் சுழியம் கிரீன்விச்சின் அன்றைய நள்ளிரவு. இந்திய நேரத்தில் அது விடியற்காலை. பிறந்த தேதியைத் தராதவர்கள் எல்லோரும் ஒரே முகூர்த்தத்தில் பிறந்துவிடுகிறார்கள்.

தமிழ் எழுத்து உடைவதில்தான் இவ்வாய்வின் பயன் முழுதும் விளங்கும். ‘தமிழ்நாடு’ என்பது நம் கணக்கில் ஐந்து எழுத்து. யூனிகோடு கணக்கில், மெய் வேறு குறி வேறு புள்ளி வேறு எனப் பிரிவதால், ஒன்பது. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட்டாக 27. பழைய மைஎஸ்க்யூஎல் பிறந்தது சுவீடனில். அதன் இயல்பான எழுத்துத் தொகுதி லத்தீன், இயல்பான அகரவரிசை சுவீடிய மொழியினது. 2018இல் வந்த 8.0 பதிப்பில்தான் இந்நிலை மாறியது. அந்தப் பழைய அட்டவணையில் தமிழ்நாட்டை வைத்தால் இருவகையாக உடையும். ஒன்று, ஒன்பது கேள்விக்குறிகள். மற்றொன்று, தலையில் சாய்கோடு போட்ட பிரெஞ்சு எழுத்தும் வட்டத்துக்குள் ஆர் எழுத்தும் மாறிமாறி வரும் நீண்ட தோரணம்.

‘தமிழ் உடைஞ்சு வருது சார்’ என்று இரண்டையும் ஒரே வாயால் சொல்கிறார்கள். இரண்டும் வேறு. தோரணம் உள்ளதன் இன்மை: 27 பைட்டும் உள்ளே நலமாக உள்ளன, ஒவ்வொரு தமிழ்க் குறியின் முதல் பைட்டும் ஒன்றேயாதலின் அதே பிரெஞ்சு எழுத்து திரும்பத் திரும்பத் தோன்றுகிறது. பக்கத்தின் தலையில் யூடிஎஃப்-8 என்று ஒரு வரி எழுதினாலே பெரும்பாலும் தெளியும். கேள்விக்குறிகளோ அழிவுபாட்டின்மை: லத்தீனில் இடமில்லாத எழுத்தை வாசலிலேயே பறித்துக்கொண்டு கேள்விக்குறியைக் கையில் கொடுத்தாயிற்று. திரையில் எதை மாற்றினாலும் போன எழுத்து மீளாது. அட்டவணையை ‘யூடிஎஃப்8எம்பி4’ஆக மாற்றி, பெயரைத் திரும்பத் தட்டச்சிடவேண்டியதுதான். வகை தெரியாதவர் இரண்டாவதற்கு முதலாவதன் மருந்தைக் கொடுத்து இரவெல்லாம் விழித்திருப்பர்.

8. தடையும் விடையும்

அற்றேல், எஃப்5 அழுத்தினால் சில வேளை வந்துவிடுகிறதே எனின், வரும். இடைப்பட்ட நேரத்தில் யாரோ கமிட் சொல்லியிருப்பர். புகழ் விசைக்குப் போகும். அன்றியும், படிவத்தை அனுப்பிய பக்கத்தில் எஃப்5 அழுத்தினால் படிவம் மறுபடியும் போகும். ஒரு முருகன் நான்கு முருகனாவான். இன்மையைத் தீர்க்கப்போய் மிகையில் முடிவது இம்மருத்துவத்தின் பக்க விளைவு. சேமித்ததும் வேறு பக்கத்துக்குத் திருப்பிவிடுவது அதற்குக் காப்பு.

9. முடிபு

ஆகவே ‘வரல’ என்ற புகாரை இனி மூன்று கேள்விகளுக்கு விடையின்றி ஏற்கலாகாது எனப் பரிந்துரைக்கிறோம். முதலாவது: திரையை விட்டுவிட்டுத் தரவுத்தளத்திடம் நேரே கேட்டாயா? அங்கே நலமாக இருந்தால் உள்ளதன் இன்மை; காட்டும் நிரலைத் திருத்துக. இரண்டாவது: எழுதிய சாளரத்தில் மட்டும் இருந்து மற்றதில் இல்லையா? முன்னின்மை, கமிட் சொல்லுக. மூன்றாவது: ‘வேர்’ நிபந்தனையை எடுத்துவிட்டுக் கேட்டால் வருகிறதா? வந்தால் ஒன்றினொன்றின்மை அல்லது என்றுமின்மை. நிபந்தனையில் நல்லைத் தேடுக. அப்போதும் வராவிட்டால், உள்ளே போகவே இல்லை அல்லது போனது அழிந்தது. பிழைச் செய்தியை அடக்கிய வரியையும் ‘டெலீட்’ எழுதிய வரியையும் அந்த வரிசையில் படிக்க.

10. மேலாய்வுக்குரியவை

‘நேத்து வந்துச்சு சார்’ என்னும் வகை இவ்வைந்தில் எதிலும் முழுமையாக அடங்கவில்லை. காலையிலிருந்து ஒழுங்காக வந்த தரவு, செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளர் மாணவரின் பின்னால் வந்து நிற்கும்போது மட்டும் வராதொழிவது அதன் இலக்கணம். அவர் அடுத்த மேசைக்கு நகர்ந்ததும் வந்துவிடும். இதனை ஆறாவது இன்மையாகக் கொள்வதா, தேர்வாளரின் குணங்களுள் ஒன்றாகக் கொள்வதா என்பது அறிஞர் தீர்க்கவேண்டிய சிக்கல்.