ஐபேடுக்கு ஒரு பாராட்டிதழ்

ஐபேடே, உன்னைப் பாராட்டிப் பேச இந்த வீட்டில் என்னைவிடத் தகுதி உள்ள ஒன்று இருக்கிறது. மாடிப்படிக்குக் கீழே உள்ள அலமாரியில், பழைய புத்தகக் கட்டுகளுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் டெஸ்க்டாப்தான் அது. மானிட்டரைக் கழற்றியாகிவிட்டது. கீபோர்டும் மவுஸும் இல்லை. மின்சார வயரும் நெட்வொர்க் கேபிளும் மட்டும் சுவரோடு சுவராகப் போகின்றன. வீட்டுக்கு வருகிறவர்கள் உன்னைப் பார்க்கிறார்கள், உன் அழகைச் சொல்கிறார்கள். அதைப் பார்த்தவர் யாருமில்லை. ஆகவே அதற்கும் சேர்த்து நானே உன் புகழைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் உன் மெலிவு. 2024 மே மாதம் வந்த 13 அங்குல ஐபேட் ப்ரோவின் தடிமன் 5.1 மில்லிமீட்டர்தான். எடை 600 கிராமுக்கும் குறைவு. அதற்குள் எம்4 சிப். ஆப்பிள் அந்தச் சிப்பைத் தன் மேக் கணினிகளுக்குக்கூட முதலில் கொடுக்கவில்லை. உனக்குக் கொடுத்துவிட்டுத்தான் அவற்றுக்குக் கொடுத்தது. அவ்வளவு வலிமையை வைத்துக்கொண்டு நீ எனக்குச் செய்யும் பணி, இன்னொரு கணினி வரைந்து அனுப்பும் திரையை வாங்கிக் காட்டுவது. என் விரல் பட்ட இடத்தைத் திரும்ப அதற்குச் சொல்வது. அவ்வளவே. பத்து வருடப் பழைய டேப்லட்டும் செய்துவிடும் அந்த வேலையை இத்தனை ஆற்றல் உள்ள நீயும் முகம் சுளிக்காமல் செய்கிறாய். உன்னைப் போல் அடக்கமான கருவியை நான் கண்டதில்லை.

என் தொழில் புத்தகம் வடிவமைப்பது. பாமினி எழுத்துருவில் வந்த பிரதியை யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். இன்டிசைனில் பக்கம் அமைக்க வேண்டும். இருபது வருடத்துக்கு முன் பேஜ்மேக்கரில் செய்த நூலை மறுபதிப்புக்காகத் திறக்க வேண்டும். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001-இல் வந்தது. தமிழ்நாட்டின் சிறு பதிப்பகங்களுடைய பழைய நூல்களில் கணிசமானவை இன்னும் அந்தக் கோப்புகளில்தான் கிடக்கின்றன. இந்த வேலைகளில் ஒன்றைக்கூட நீ போட்டிக்கு வந்து கெடுத்ததில்லை. பேஜ்மேக்கர் உன்னில் ஓடாது. இன்டிசைனும் உனக்கு வந்தபாடில்லை. ஆகவே டெஸ்க்டாப் நிம்மதியாகத் தன் வேலையைச் செய்கிறது. நீ சோபாவிலிருந்து அதைக் காட்டுகிறாய். பார்க்கிறவர்கள், ஐபேடிலேயே புத்தகம் முடிக்கிறாரே என்று வியக்கிறார்கள்.

தமிழ் சினிமாவில் சிவாஜிக்கு டி.எம். சௌந்தரராஜன் பாடினார். திரையில் வாயசைத்தவர் ஒருவர், குரல் இன்னொருவருடையது. ஆனால் இசைத்தட்டில் பாடியவர் பெயரைப் போட்டார்கள். உன் விளம்பரத்தில் மட்டும் அந்த வழக்கம் இல்லை.

பிறந்தபோதே கணினியை மதித்தாய் என்பதையும் சொல்ல வேண்டும். 2010 ஜனவரி 27 அன்று உன்னை உலகுக்குக் காட்டினார்கள். அப்போது உன்னை வாங்கி வந்தவர், ஐடியூன்ஸ் உள்ள ஒரு கணினியோடு கேபிளில் இணைத்தால்தான் நீ கண்ணைத் திறப்பாய். 2011 அக்டோபரில் ஐஓஎஸ் 5 வரும்வரை அப்படித்தான். கணினிக்கு மாற்று என்று பேசப்பட்ட கருவி, கணினியின் கை படாமல் எழுந்திருக்கவே இல்லை. 2017-இல் ஆப்பிள் உனக்காக எடுத்த விளம்பரத்தில் ஒரு சிறுமி, கணினி என்றால் என்ன என்று கேட்கிறாள். நல்ல கேள்வி. பதிலை என் மாடிப்படிக்குக் கீழே வந்து பார்க்கலாம்.

உன் பொறுமைக்கு ஈடே கிடையாது. கோப்புகளைத் தேடி எடுக்க ஒரு செயலி உனக்கு 2017-இல் கிடைத்தது. மவுஸை 2019-இல் ஊனமுற்றோர் வசதிகளின் பட்டியலுக்குள் ஓர் ஓரமாகவும், 2020-இல் முறையாகவும் பெற்றாய். கூட்டல் கழித்தல் போடும் கால்குலேட்டர் 2024-இல் வந்தது. பதினான்கு வருடம்! நூறு ரூபாய்க்குக் கடையில் கிடைக்கும் ஒன்றுக்காகப் பதினான்கு வருடம் காத்திருந்தும் நீ முணுமுணுக்கவில்லை. முணுமுணுக்க உன்னை வாங்கியவர்களில் பலருக்கும் தோன்றவில்லை. அந்தப் பண்பையும் நீதான் அவர்களுக்குப் பழக்கியிருக்கிறாய்.

தூர இருந்து கணினியை இயக்குவது உன்னோடு வந்த வித்தை அல்ல. 1968 டிசம்பர் 9 அன்று டக்ளஸ் எங்கல்பார்ட் சான் பிரான்சிஸ்கோ அரங்கில் உட்கார்ந்து, ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தள்ளி மென்லோ பார்க்கில் இருந்த கணினியை மவுஸால் இயக்கிக் காட்டினார். வேலை செய்யும் இயந்திரம் அங்கே இருக்கிறது என்பதை அவர் அவையோரிடம் மறைக்கவில்லை. பிறகு ஒரு கணினியின் திரையை இன்னொன்றில் காட்டும் விஎன்சி, கேம்பிரிட்ஜ் ஆய்வகத்திலிருந்து வந்தது. 2001-இல் விண்டோஸ் எக்ஸ்பியின் ப்ரொஃபெஷனல் பதிப்போடு ரிமோட் டெஸ்க்டாப் வந்தது. நீ சேர்த்தது அழகான கண்ணாடி.

அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெட்டி எத்தனை பாடு படுகிறது என்பதையும் உன் புகழின் பகுதியாகவே சொல்கிறேன். மானிட்டர் இல்லாவிட்டால் பல டெஸ்க்டாப்புகள் திரையை ஒழுங்கான அளவில் வரைய மறுக்கும். அதனால் அதன் பின்புறம் எச்டிஎம்ஐ துளையில் ஒரு போலி முனையைச் செருகியிருக்கிறேன். எதிரே மானிட்டர் இருப்பதாக அது நம்பிக்கொண்டு, யாரும் பார்க்காத படத்தை வரைந்துகொண்டே இருக்கிறது. கரண்ட் போய் வந்தால் தானாக எழ வேண்டும் என்று பயாஸில் சொல்லி வைத்திருக்கிறேன். தூங்கும்போது எழுப்ப ஒரு தகவல் துண்டு உண்டு. மொத்தம் 102 பைட். முதல் ஆறு பைட் அழைப்பு மணி. மீதி முழுக்க அந்தக் கணினியின் நெட்வொர்க் கார்டு முகவரி, ஒன்றன்பின் ஒன்றாகப் பதினாறு முறை. பெயரைப் பதினாறு முறை சொல்லிக் கூப்பிட்டால் எழுந்துவிடும். நீயோ, நான் ஒரு கடிதம் படிக்க வேறு செயலிக்குப் போய்ச் சற்றுத் தாமதித்துத் திரும்பினால் இணைப்பை அறுத்துவிட்டிருப்பாய். பக்கங்கள் அங்கே விட்ட இடத்தில் விட்டபடி திறந்தே இருக்கும். நீ மறந்ததை அது நினைவு வைத்திருக்கும்.

தமிழ் தட்டச்சில் உன் தாராளம் தனி. திரைக் கீபோர்டை எழுப்பினால் பாதிப் பக்கத்தை அது எடுத்துக்கொள்ளும். மீதிப் பாதியில் ஒற்றெழுத்தின் புள்ளி சரியாக விழுந்ததா என்று பார்க்க வேண்டும். வெளிக் கீபோர்டை இணைத்தால், உன் பக்கம் தமிழ் 99 வைப்பதா, விண்டோஸ் பக்கம் வைப்பதா என்று முடிவு செய்தாக வேண்டும். இரண்டு பக்கமும் வைத்தால் எழுத்து குழம்பும். உன் கீபோர்டு உறையின் விலையில் அலமாரிக் கணினிக்கு ஒரு நல்ல மானிட்டரே வாங்கிவிடலாம்.

கதவைத் திறந்து வைக்கும் உடைமையாளர்களையும் இங்கே வாழ்த்த வேண்டும். வெளியூரிலிருந்து வீட்டுக் கணினியைப் பிடிப்பதற்காக ரவுட்டரில் 3389 என்ற போர்ட்டை உலகத்துக்கே திறந்துவிட்டு, பாஸ்வேர்டாகப் பிள்ளையின் பெயரை வைப்பவர்கள் பெரும் விருந்தோம்பிகள். அழைக்காத விருந்தாளிகள் இரவு பகலாக வந்து பாஸ்வேர்டை ஊகித்துப் பார்ப்பார்கள். 2019 மே மாதம் ரிமோட் டெஸ்க்டாப்பில் புளூகீப் என்ற ஓட்டை தெரிந்தபோது, பாஸ்வேர்டே தேவையில்லாமல் உள்ளே வரலாம் என்ற நிலை. ஆதரவை நிறுத்திவிட்டிருந்த எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட வேண்டி வந்தது. இதில் விளையாட்டுப் பேச்சு வேண்டாம்: அந்தப் போர்ட்டைத் திறக்காதீர்கள். வயர்கார்டு, டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன் ஒன்றை இரண்டு பக்கமும் நிறுவி, அதன் வழியாக மட்டும் உள்ளே போங்கள்.

இனி உன் காவல் திறமை. 2018 மே மாதம் வால்வ் நிறுவனம் ஸ்டீம் லிங்க் என்ற செயலியைக் கொண்டுவந்தது. ஒருவர் தன் காசில் வாங்கிய விளையாட்டை, தன் வீட்டுக் கணினியில் ஓடவிட்டு, தன் வீட்டு வைஃபையில் டேப்லட்டில் பார்ப்பதற்கான செயலி. முதலில் அனுமதித்த ஆப்பிள், வணிக முரண்பாடு என்று சொல்லி நிறுத்தியது. அனுமதி கிடைக்க ஒரு வருடம் ஆயிற்று. வீடும் கணினியும் நம்முடையவை, விளையாட்டும் நம்முடையது. அதைப் பார்க்கலாமா என்று தீர்மானிக்கும் பொறுப்பை மட்டும் உன் உரிமையாளர்கள் சுமந்தார்கள். எத்தனை அக்கறை! அந்த அக்கறை குழந்தைகளையும் விடவில்லை. ஆலன் கே 1972-இலேயே டைனாபுக் என்று ஒரு கையடக்கக் கணினியைக் கனவு கண்டார். குழந்தை அதில் நிரல் எழுதிப் பார்க்க வேண்டும் என்பதே அந்தக் கனவின் உயிர். நீ வந்தபோது, அந்தக் கனவு உருவம் எடுத்ததாகப் பலரும் சொன்னார்கள். அதே 2010-இல், குழந்தைகள் ஸ்கிராட்ச் மொழியில் செய்தவற்றைத் திறந்து காட்டும் ஒரு செயலியை ஆப்பிள் தன் கடையிலிருந்து எடுத்துவிட்டது.

ஐபேடே, குறை உன்னுடையது அல்ல. 2021-இல் உனக்குக் கொடுத்த எம்1 சிப் அதற்கு முந்தைய வருடம் மேக்புக் ஏரில் வந்த அதே சிப். அங்கே டெர்மினல் திறக்கிறது, நிரல் ஓடுகிறது, வேண்டிய மென்பொருளை வேண்டிய இடத்திலிருந்து நிறுவ முடிகிறது. இங்கே முடியாது. சிலிக்கானில் வேறுபாடு இல்லை. பூட்டியவர்களின் முடிவில் இருக்கிறது. முழுக் கணினியாக இருக்கக்கூடிய ஒன்றை இன்னொரு கணினியின் சன்னலாக நிறுத்தியவர்கள், அந்தச் சன்னலுக்கு முழுக் கணினியின் விலையை வாங்குகிறார்கள். இதை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

டேப்லட் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய டெஸ்க்டாப் இருந்தால் இனி எதற்கு என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதில் ஒரு எஸ்எஸ்டியும் கொஞ்சம் ராமும் போட்டால் இன்னும் பல வருடம் உழைக்கும். பிள்ளை நிரல் எழுதவோ படம் வரையவோ பக்கம் அமைக்கவோ கற்க ஆசைப்பட்டால், டேப்லட்டுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, அந்தக் கணினியை அலமாரியிலிருந்து வெளியே கொண்டுவந்து, முதலில் அதற்கு ஒரு மானிட்டர் வாங்கிக் கொடுங்கள்.