சங்கடம் வந்தால் வெங்கடரமணா!

(எலெக்ட்ரானிக் சிட்டி வட்டார வாசகர்களின் கேள்விகள்)

தொட்டதோகூர் வாசகர்: வேலை போன மறுநாளே எனக்குப் பக்தி வந்துவிட்டது. இது சுயநலம்தானே?

பக்கத்து வீட்டுக் கன்னடக்காரரைக் கேளுங்கள்: 'சங்கட பந்தாக வெங்கடரமணா' என்பார். சங்கடம் வந்தால்தான் பெருமாள் ஞாபகம் வரும். சம்பளம் வந்தவரை எல்லாம் நம் கெட்டிக்காரத்தனம் என்றிருந்தோம். ஒரே ஒரு மெயிலில் தெளிந்துவிட்டது. வெட்கப்படாமல் கும்பிடுங்கள். கோயிலில் மூன்று சுற்று, கம்பெனியில் மூன்று ரவுண்டு இன்டர்வியூ. இரண்டில் எதையும் விட்டுவிடாதீர்கள்.

பொம்மசந்திரா வாசகி: என் கணவருக்கு இதய ஆபரேஷன். கடவுளை நம்புவதா, டாக்டரையா?

அன்னை தெரசாவைவிடக் கடவுளை நம்பியவர் உண்டா? அவரே இதயம் தொல்லை கொடுத்தபோது டாக்டரிடம்தான் காட்டினார். அந்த டாக்டர்களில் ஒருவரான தேவி ஷெட்டி, 2000-ல் உங்கள் பொம்மசந்திராவில் நாராயண ஹிருதயாலயா ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். அவர் யோசனையில் 2003-ல் நடைமுறைக்கு வந்தது கர்நாடகத்தின் யஷஸ்வினி திட்டம். கூட்டுறவு சங்க விவசாயிகள் ஆளுக்கு மாதம் 5 ரூபாய் கட்டினார்கள். அவர்களில் யாருக்கு ஆபரேஷன் என்றாலும் அந்தப் பணம் கை கொடுத்தது. உண்டியலில் விழுந்த காணிக்கை, பக்தனுக்கே திரும்பி வந்த மாதிரி! சாமிக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வையுங்கள். மாத்திரை நேரத்தை மட்டும் சாமியிடம் விட்டுவிடாதீர்கள்.

ஓசூர் வாசகர்: 2014-ல் ஜெயலலிதா பரப்பன அக்ரஹாரச் சிறையில் இருந்தபோது தொண்டர்கள் செய்த வேண்டுதல் பலித்ததா?

செப்டம்பர் 27-ல் உள்ளே போனவர் அக்டோபர் 18-ல் ஜாமீனில் வெளியே வந்தார். தொண்டர் அம்மன் அருள் என்றார். வக்கீல் மனு என்றார். வக்கீலுக்கு ஃபீஸ் கிடைத்திருக்கும். சொந்த வீட்டுக் கஷ்டத்துக்கு வைத்திருந்த வேண்டுதலையும் தலைவிக்கே கொடுத்துவிட்ட தொண்டனுக்கு?

ஹுஸ்கூர் வாசகர்: எங்கள் மத்தூரம்மா தேர் சாய்ந்தது தெய்வ குற்றமா?

அம்மன் மேல் பழி வேண்டாம். 2024 ஏப்ரலில் 100 அடிக்கு மேல் உயர்ந்த தேர் சாய்ந்தது, உயிர்ச்சேதம் இல்லை. அதையே எச்சரிக்கையாக எடுத்திருக்கலாம். 2025 மார்ச்சில் மறுபடி சாய்ந்தபோது பக்தர்கள் உயிரே போனது. தேரின் உயரம் கூடினால் பக்தி கூடிவிடாது. காற்றின் வேகம்தான் கூடும்.

எலெக்ட்ரானிக் சிட்டி வாசகி: உங்களுக்கு நம்பிக்கை உண்டா?

சில்க் போர்டு சிக்னல் நெரிசலில் நின்றவனிடம் கேட்கிற கேள்வியா இது? மெட்ரோ மஞ்சள் தடம் 2025 ஆகஸ்ட் 10-ல் திறக்கும்வரை நம்பிக்கையில்தான் ஓட்டினோம். அது வந்ததற்கு உங்கள் பிரார்த்தனை காரணம் என்றால் மறுக்க மாட்டேன். ஆனால் வெயிலில் நின்று தூண் எழுப்பியவர்கள், பிள்ளைகுட்டிகளை ஊரில் விட்டுவந்த தொழிலாளிகள். அடுத்த முறை ரயிலில் ஏறும்போது அவர்களுக்கும் ஒரு கும்பிடு போடுங்கள்.