வெந்நீர் பார்க்கப் போனோம்

மே மாதம் மத்தியானம் சென்னையை ஒட்டிய எங்கள் மாடம்பாக்கத்தில் குழாயைத் திறந்தால், மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வருகிற தண்ணீரில் டிகாக்‌ஷனே இறக்கலாம். அப்பேர்ப்பட்ட ஊர்க்காரனை, "வாங்க மாமா, வெந்நீர் பார்த்துட்டு வரலாம்" என்று மாப்பிள்ளை நியூசிலாந்தின் ஆக்லாந்திலிருந்து மூன்று மணி நேரம் காரில் வைத்து ஓட்டிக்கொண்டு போனார். அதுவும் டிக்கெட் வாங்கி.

ஊர் ரோட்டோருவா. சுமார் 2,40,000 ஆண்டுகளுக்கு முன் ஓர் எரிமலை வெடித்து உள்வாங்கிய பள்ளத்தில்தான் ஏரியும் ஊரும் இருக்கின்றன. பெயர்ப்பலகை வருவதற்கு முன்பே மூக்கு சொல்லிவிடும்: ஹைட்ரஜன் சல்ஃபைடு, அதாவது அழுகின முட்டை வாடை. மனைவி திரும்பி என்னைத்தான் பார்த்தாள். இத்தனை வருஷத் தாம்பத்தியத்தில், சந்தேகத்துக்கு வேறு ஆளைத் தேடும் பழக்கம் அவளுக்கு இல்லை. நிலத்தின்மேல்தான் குற்றம் என்று மாப்பிள்ளை விளக்கியபிறகும் முகத்தில் முழு நம்பிக்கை வரவில்லை. அந்த வாயு வெள்ளிக்கு ஆகாது. மறுநாள் காலையில் அவள் மெட்டி கறுத்திருந்தது. கைப்பையிலிருந்து விபூதிப் பொட்டலத்தை எடுத்துத் தேய்க்க உட்கார்ந்துவிட்டாள்.

அங்கே வாக்காரேவாரேவா என்று மாவோரிப் பூர்வகுடிகளின் கிராமம் ஒன்று. காட்சிக்கு வைத்த கிராமம் இல்லை, ஜனங்கள் குடியிருக்கிறார்கள். 1886 ஜூன் 10 அன்று பக்கத்திலுள்ள தாரவேரா எரிமலை வெடித்து, உலகமே பார்க்க வந்துகொண்டிருந்த இளஞ்சிவப்பு, வெள்ளைப் படிக்கட்டுப் பாறைகளோடு சுமார் 120 பேர் போய்ச்சேர்ந்தார்கள். தப்பியவர்களில் பலருக்கு இந்தக் கிராமத்து உறவுக்காரர்கள்தான் இடம் கொடுத்தார்கள். எரிமலைக்குத் தப்பி வந்து கொதிக்கிற குளத்துக்குப் பக்கத்தில் குடியேற, தனியாக ஒரு மனத்தெம்பு வேண்டும்.

வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே தரையிலிருந்து ஆவி வருகிறது. அதன்மேல் மரப்பெட்டி வைத்து இறைச்சியும் கிழங்கும் வேகவைக்கிறார்கள். சிலிண்டர் புக் பண்ணுகிற வேலையே இல்லை. மனைவி பெட்டியைச் சுற்றிவந்து, "என்னங்க, ஒரே ஈட்டுக்கு நாற்பது இட்லி எடுக்கலாம்" என்றாள். குளத்தில் கயிறு கட்டி இறக்கி வேகவைத்த சோளக்கதிர் கிடைத்தது. வெண்ணெய் தடவித் தருகிறார்கள். எரிமலையையே அடுப்பாக்கத் தெரிந்தவர்களுக்கு மிளகாய்த்தூளும் எலுமிச்சம்பழமும் தோன்றாமல் போனது எனக்கு ஆச்சரியம்தான்.

போஹுட்டு என்ற ஊற்று 30 மீட்டர் வரைக்கும் பீச்சுகிறது. தத்துவம் நம் குக்கர்தான். ஆழத்தில் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் சூடாகிறது. மேலே உள்ள தண்ணீரின் அழுத்தம் அதைக் கொதிக்கவிடாமல் அமுக்கிவைக்கிறது. மேல்தண்ணீர் கொஞ்சம் வழிந்ததும் அழுத்தம் குறைகிறது. அடியில் இருப்பது சட்டென்று ஆவியாகி எல்லாவற்றையும் தூக்கியடிக்கிறது.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது இது இல்லை. இந்த ஊர்க்காரர்களும் நம்மைப்போலவே வீட்டுக்கு வீடு போர் போட்டவர்களாம்! வீட்டுக் கணப்புக்கு, ஹோட்டலுக்கு, நீச்சல்குளத்துக்கு என்று வெந்நீரை உறிஞ்சி உறிஞ்சி, ஊற்றுகள் சோர்ந்துபோயின. 1986-ல் அரசாங்கம், போஹுட்டுவைச் சுற்றி 1.5 கிலோமீட்டருக்குள் இருக்கும் போர்களையெல்லாம் மூடச் சொன்னது. மிச்சம் இருந்தவர்களுக்குக் கட்டணம் போட்டது. ஜனங்களுக்குக் கோபம்தான். ஆனாலும் மூடினார்கள், நிலத்தடி மட்டம் ஏறியது, படுத்திருந்த ஊற்றுகள் எழுந்துகொண்டன.

எங்கள் பக்கம் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு மனையைச் சுற்றிவரும் ஒரு பெரியவரைக் கேட்டுத்தான் போர் போடுவது வழக்கம். தேங்காய் நிமிர்ந்தால் தண்ணீர். தண்ணீர் வராவிட்டால் தேங்காயின்மேல் பழி கிடையாது. "இன்னும் அம்பது அடி போங்க" என்பார். 2019 கோடையில் தெருவே அப்படி ஐம்பது ஐம்பதாகக் கீழே போய்விட்டு, கடைசியில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு மேலே வந்து நின்றது. போரை மூடு என்று எங்கள் தெருவில் ஓர் அதிகாரி வந்து சொன்னால், அவருக்கு மோர் கொடுத்து உட்காரவைத்துவிட்டு, பின்பக்கம் ஸ்டே வாங்க ஆள் அனுப்பிவிடுவார்கள்.

இதை மாப்பிள்ளையிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எங்கள் தெரு வாட்ஸ்ஆப் குழுவிலிருந்து ஒரு வீடியோ வந்தது. பக்கத்து மனையில் போர் வண்டி. சாம்பல் நிறச் சகதி மூன்றாம் மாடி உயரத்துக்குப் பீச்சியடித்து, தைக்குப் பெயிண்ட் அடித்த என் காம்பவுண்டு சுவரில் வழிகிறது. கீழே செய்தி: "சார், 340 அடியில நல்ல தண்ணி. நீங்களும் இறக்கிடுறீங்களா? வண்டி சாயங்காலம் வரைக்கும் இங்கேதான் நிக்கும்."

"தாத்தா, இது இங்கே எந்த இடம்?" என்றான், போனை எட்டிப் பார்த்த பேரன்.