முள்ளுக்கு மட்டும் ஃபோகஸ்

காணும் பொங்கலன்று ஊரே எதையாவது காணக் கிளம்பும். நான் பறவை காணக் கிளம்பினேன். பொங்கலை ஒட்டி நான்கு நாள் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். 2015-இல் தொடங்கிய வழக்கம். ஓர் இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் எண்ணி ஈ-பேர்டு செயலியில் ஏற்றினால் போதும். ஒரு பைசா செலவில்லை. அதனால்தானோ என்னவோ, எனக்கு அது போதவில்லை. நண்பர் ஒருவரிடம் பெரிய லென்சு இரவல் வாங்கினேன். இரண்டு கிலோ. மேலே பச்சைப் புள்ளித் துணியுறை வேறு. நாதஸ்வரத்துக்குச் சட்டை தைத்துப் போட்டதுபோல் இருந்தது.

விடிகாலையில் மைத்துனன் பைக்கின் பின்னால் உட்கார்ந்து எறையூர் போய்ச் சேர்ந்தேன். எறையூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்குச் சர்க்கரை ஆலை. எங்களுக்கு அதோடு சின்னாறு நீர்த்தேக்கமும் உண்டு. கரையேறியதும் லென்சை மாட்டி, ஸ்டாண்டை விரித்து, ஒரு கண்ணை மூடினேன்.

"ரோடு வருதா தம்பி?"

திரும்பினால் ஒரு பெரியவர், பத்துப் பதினைந்து ஆடுகளுடன். எங்கள் மாவட்டத்தில் மூன்று கால் ஸ்டாண்டை விரித்துக் குனிந்து பார்க்கிறவன் நிலம் அளக்க வந்தவன்தான். அவரைக் குறை சொல்ல முடியாது.

"இல்லீங்கய்யா. பறவை பாக்க வந்தேன்."

"பாத்து?"

"எண்ணணும்."

"எண்ணி?"

அந்த இடத்தில் எனக்குப் பதில் வரவில்லை. நீர்நிலை, வலசை, சூழல் என்று ஏதோ தொடங்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கொறஞ்சா உங்க கையில இருந்து குடுக்கணுமா?" என்றார். மைத்துனன் தண்ணீர் பாட்டிலைத் திறப்பதுபோல் திரும்பி நின்று சிரித்தான்.

அதற்குள் எங்கள் தலைக்கு மேல் ஓர் ஆள்காட்டி கத்திக்கொண்டே சுற்றியது. அதற்கு யார் பெயர் வைத்தார்களோ, தீர்க்கதரிசி. கரையில் கால் வைத்த மறு நொடி ஏரிக்கே தகவல் போய்விட்டது. அருகில் நின்ற சாம்பல் நாரை, சம்பந்தி வீட்டில் மரியாதை குறைந்தவர்போல, நிதானமாக எழுந்து எதிர்க்கரைக்குப் போயிற்று. நாமக்கோழிகள் மட்டும் அசையவில்லை. நெற்றியில் வெள்ளை நாமத்தோடு, கோயில் குளத்தில் முங்கி எழும் பாகவதர் கூட்டமாய், நடுத்தண்ணீரில் மிதந்தன. நத்தைகுத்தி நாரை ஒன்று சேற்றில் அலகை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தது. அதன் அலகு முழுதாக மூடாது, நடுவில் சந்து. பாட்டி வைத்திருந்த பாக்குவெட்டியைப் பாதி மூடினால் அப்படித்தான் இருக்கும்.

அப்போதுதான் கருப்பு வெள்ளை மீன்கொத்தி வந்தது. மற்ற மீன்கொத்திகள் கிளையில் உட்கார்ந்து பார்க்கும். இது தண்ணீருக்கு மேல் அந்தரத்தில், ஒரே இடத்தில், சிறகடித்துக்கொண்டு நிற்கும். அலகு நேர் கீழே. இதைவிட ஒரு பறவை படத்துக்கு ஒத்துழைக்க முடியாது. ஷட்டர் வேகத்தை ஏற்றினேன், பித்தானை அழுத்தினேன். சடசடவென்று அடித்தது கேமரா. மீன்கொத்தி கல்போல் விழுந்தது, மீனோடு எழுந்தது. "கெடச்சுதா மாமா?" என்றான் மைத்துனன். "அவார்டுக்கே அனுப்பலாம்டா" என்றேன். வெயிலில் கேமராத் திரை தெரியவில்லை. நம்பிக்கை மட்டும் தெளிவாக இருந்தது.

கிளம்பும்போது பெரியவர், "நம்ம ஆட்டையும் ஒண்ணு எடுங்க தம்பி, நேத்துதான் கொம்புக்குப் பெயிண்டு அடிச்சோம்" என்றார். போனால் போகிறதென்று ஒன்று எடுத்தேன்.

பெரம்பலூர், அரியலூர் தாண்டி, சிமெண்டு லாரிகளுக்குப் பின்னால் முகமெல்லாம் வெளுத்து, கரைவெட்டி போய்ச் சேர்ந்தோம். மேட்டூர்த் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக வந்து நிரப்பும் ஏரி; 450 ஹெக்டேருக்கு மேல் பரப்பு. 2024 ஜனவரியில் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. குளிர்காலத்தில் அங்கே பட்டைத்தலை வாத்து வரும். மங்கோலியா, திபெத்துப் பக்கத்துப் பறவை. இமயமலையைத் தாண்டும்போது 7,000 மீட்டருக்கு மேலேயே பறந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். எறையூரிலிருந்து வந்ததற்கே எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. வாத்துகளோ அப்போதுதான் பக்கத்துத் தெருவிலிருந்து வந்தவைபோல வரப்போரம் புல் மேய்ந்தன. பின்தலையில் இரண்டு கருப்புப் பட்டை, பைனாகுலரில் துல்லியமாகத் தெரிந்தது. அந்த இரண்டு நிமிடம் கேமராவைத் தொடவில்லை. அன்றைக்கு நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

இரவு படங்களைக் கணினியில் ஏற்றினேன். மொத்தம் 412. மனைவி பின்னால் வந்து நின்றாள்.

"இது என்னங்க, முள்ளு?"

முள்தான். எனக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு சீமைக்கருவேலம் நின்றிருக்கிறது. லென்சு தானாகவே கிட்டத்தில் இருப்பதைப் பிடித்துக்கொண்டுவிட்டது. ஒவ்வொரு முள்ளும், நுனியில் இருந்த பனித்துளியோடு, ஊசி குத்தியதுபோல் தெளிவு. பின்னால் மீன்கொத்தி இருக்க வேண்டிய இடத்தில், சலவைக்குப் போன வேட்டியில் மைக்கறைபோல் ஒன்று. கரைவெட்டிப் படங்களில் தூரம் அதிகம். அங்கே கறையும் இல்லை, புள்ளிதான்.

412-இல் ஒன்றே ஒன்று கண்ணும் கண்ணிமையும் தெரிய விழுந்திருந்தது. ஆடு. ஒரு கொம்பு சிவப்பு, ஒரு கொம்பு நீலம், வாயில் பாதி இலை.

பறவைப் பட்டியலை ஏற்றிவிட்டேன், 34 இனம். லென்சை மறுநாளே கொடுத்தாயிற்று. ஆட்டுப் படத்தைப் பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன். பெரியவர் பெயரைக் கேட்க மறந்துபோனேன். எறையூர்ப் பக்கம் போகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், கொடுத்தனுப்புகிறேன்.